தகரப் பெட்டிக்குள் இருந்த பதில்

(முதியோர் ஐக்கியக் கூட்டத்தில் சபை அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



என் அப்பா தம் தகப்பனாரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "சண்டைக்குப் போனார், எங்களை மறந்துட்டார்" என்பார், அவ்வளவுதான். மூன்றரை வருடம் ஒரு கடிதமில்லை, ஒரு காசில்லை என்பது அவருடைய மனத்தாங்கல். அப்பா பிறந்தது 1941-ல். தகப்பன் முகத்தை முதலில் பார்த்தபோது அவருக்கு நாலு வயது.

நாசரேத்துக்குப் பக்கத்து ஊரில் ஆச்சி இறந்தபின் அவர்களுடைய தகரப் பெட்டி சிங்கப்பூருக்கு, என்னிடம் வந்தது. பதினொரு வருடம் அலமாரி மேலேயே கிடந்தது. சென்ற வருடம்தான் திறந்தேன். உள்ளே ஒரு பதக்கம், சம்பளப் புத்தகம், டிஸ்சார்ஜ் புத்தகம், நூல் கட்டிய ஒரு கட்டு மணியார்டர் கூப்பன்கள்.

தாத்தா பர்மாவில் சண்டை போட்டார் என்றே வீட்டில் சொல்லிவந்தோம். பதக்கத்தை வாசித்துப் பார்த்தவர் யாருமில்லை. அதில் 'பசிபிக் ஸ்டார்' என்றிருந்தது. பர்மாவுக்குத் தனி நட்சத்திரம் உண்டு; இதுவோ ஹாங்காங், மலாயா போன்ற இடங்களில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. பின்புறம் அவருடைய எண், எழுத்துப் பிழையோடு பெயர், ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்ற எழுத்துகள். உணவும் தளவாடமும் கொண்டுசெல்லும் படைப்பிரிவு அது. தாத்தா லாரி டிரைவர்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரே வரி: 15-2-1942 முதல் யுத்தக் கைதி. சிங்கப்பூர் சரணடைந்த நாள் அது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17-ல், இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்க வேண்டும். அந்த ரயில் நிலையத்தில் இறங்கித்தான் நான் இருபது வருடமாக வேலைக்குப் போகிறேன்!

கூப்பன்களை நாள்வாரியாக அடுக்கினேன். மாதம் 15 ரூபாய். அனுப்பியவர் இடத்தில் தாத்தா பெயர் இல்லை, அலுவலக முத்திரைதான். அதனால் எல்லாரும் அதைச் 'சர்க்கார் பணம்' என்றே நினைத்திருக்கிறார்கள். சம்பளப் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. கப்பல் ஏறுமுன்பே, தம் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வீட்டுக்கு அனுப்பும்படி தாத்தா எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கைதியாய்க் கிடந்தபோதும் அந்தப் பணம் நிற்கவில்லை.

இன்னொன்று ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தது. அப்பாவின் ஞானஸ்நானம் 1946 ஜனவரியில். ஏன் இத்தனை தாமதம் என்று பெரிய அத்தையிடம் போனில் கேட்டேன். "உங்க தாத்தா வந்து பிள்ளையைக் கையில வாங்கட்டும்னு எங்க அம்மா நிறுத்தி வச்சிட்டா. இதை இத்தனை நாளா யாரும் கேக்கலியே!" என்றார்கள்.

மறந்தவரும் இல்லை, மறக்கப்பட்டவரும் இல்லை. ஆனால் இதைச் சொல்ல அப்பா இல்லை. பெட்டி என்னிடம் வந்து ஒன்பதாம் வருடம் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை இது. அதைச் செய்யாமல் விட்டது என் குற்றம்.

ஆகையால் உங்களை வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் பதக்கம் இருந்தால் அதைத் துலக்காதீர்கள். முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைப் பலவிதமாய் எழுதியிருப்பார்கள், எண் மாறாது. இந்திய ராணுவத்தில் இருந்தவர் என்றால், அந்த எண்ணோடு தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் சேர்த்து, அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். திரும்பி வராதவர்களானால் கிராஞ்சி நினைவிடத்துக்குப் போங்கள். கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.

யோர்தானைக் கடந்தபின் யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டினார். பின்னாளில் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்வதற்காக அல்லவா? கற்கள் நம் வீட்டிலும் இருக்கின்றன. கேட்கிற பிள்ளைகளாய் நாம் இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.