தரையோடு ஊரும் தீ

(கெலவரப்பள்ளியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் அணையின் மதகிலிருந்து மலைபோல் நுரை எழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றடித்தால் அது வயலில் வந்து விழுகிறது. பெங்களூரின் கழிவு பெள்ளந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் போய், அங்கிருந்து தென்பெண்ணையில் கலந்து, நம் கெலவரப்பள்ளிக்கு வருகிறது. அந்தப் பெள்ளந்தூர் ஏரியில் 2015 மே மாதம் நுரை தீப்பற்றி எரிந்தது. தண்ணீரின் மேல் நெருப்பு! இது புராணக் கதையல்ல. நமக்கு மேற்புறத்தில், நாம் வாழும் காலத்தில் நடந்த விஷயம்.

சாக்கடையில் விட்டால் தொலைந்தது என்று ஆலை முதலாளி நினைக்கிறான். எதுவும் தொலைவதில்லை, தோழர்களே. முதலில் ஆலைத் தொழிலாளி தலையில் விழுகிறது. பிறகு கால்வாய் வழியே விவசாயத் தொழிலாளி தலையில் விழுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, இன்று ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசுவோம். அதன் பெயர் ஹெக்ஸேன்.

பெள்ளந்தூரில் எரிந்தது ஹெக்ஸேன் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஹெக்ஸேன் சாக்கடையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு ஊர் சாட்சி சொல்கிறது. அதைப் பிறகு சொல்வோம்.

ஹெக்ஸேன் என்பது என்ன? கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு திரவம். பார்வைக்குத் தண்ணீர்போல் இருக்கும். லேசாகப் பெட்ரோல் வாடை வீசும். நாம் விளைவிக்கும் கடலையை செக்கிலும் எக்ஸ்பெல்லரிலும் ஆட்டிய பிறகும் பிண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. அரிசித் தவிட்டிலும் எண்ணெய் இருக்கிறது. அதைக் கடைசிச் சொட்டுவரை எடுக்க, சால்வென்ட் ஆலையில் ஹெக்ஸேனைப் பாய்ச்சுகிறார்கள். அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு இறங்கும். பிறகு சூடேற்றினால் ஹெக்ஸேன் ஆவியாகப் பிரிந்துபோகும், எண்ணெய் தங்கும். அந்த ஆவியை கண்டென்சரில் குளிரவைத்து மறுபடியும் திரவமாக்கி, மறுபடியும் பாய்ச்சுவார்கள். நாட்டில் சமையலுக்குப் போகும் தவிட்டு எண்ணெய் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது. தொழில் அவசியமான தொழில்தான். நம் சண்டை தொழிலோடு அல்ல. தொழிலாளிக்குச் சொல்லாமல் மறைப்பவர்களோடுதான்.

மறைப்பது எதை? நான்கு விஷயங்களை.

முதலாவது, இதற்குத் தீப்பிடிக்க வெயில் தேவையில்லை. தண்ணீர் உறையும் குளிருக்கும் 20 டிகிரி கீழே போனாலும், தீப்பற்றும் அளவுக்கு இதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். ஓசூர் மார்கழிக் குளிரில் என்ன ஆகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இரண்டாவது, இதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். புகைபோல் மேலே போகாது. பாம்புபோல் தரையோடு ஊரும், பள்ளத்தில் தங்கும், சாக்கடையில் இறங்கும். கசிவு ஓர் இடத்தில் இருக்கும், பீடி பற்றவைப்பவன் வெகு தூரத்தில் இருப்பான். தீ அங்கே பிறந்து இங்கே ஓடிவரும். ஆகவே கூரையில் மட்டும் காற்றாடி வைத்த ஆலை பாதுகாப்பான ஆலை அல்ல. தரை மட்டத்தில் காற்றோட்டம் வேண்டும்.

மூன்றாவது, கொஞ்சமே போதும். நூறு பங்கு காற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆவி கலந்தால் அது வெடிமருந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிந்திய ஒரு லிட்டர் முழுவதும் ஆவியானால், 10 அடி நீளம், 8 அடி அகலம், ஏழரை அடி உயரம் உள்ள ஓர் அறைக் காற்று முழுவதையும் வெடிக்கும் காற்றாக்கிவிடும். ஒரு லிட்டர்!

நான்காவது, இது தண்ணீரில் கரையாது, மிதக்கும். எரியும் ஹெக்ஸேன் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் தீ அணையாது, தண்ணீரோடு சேர்ந்து பரவும். நுரைக் கருவி, உலர்ந்த பொடி, கரியமில வாயு ஆகியவைதான் இதற்கு மருந்து. தண்ணீர் பக்கத்து டாங்குகளைக் குளிரவைக்க மட்டும் உதவும்.

இப்போது அந்தச் சாட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில் லூயிவில் என்று ஒரு நகரம். அங்கே சோயா எண்ணெய் எடுக்கும் ஆலையிலிருந்து ஹெக்ஸேன் நகரச் சாக்கடையில் இறங்கியது. 1981 பிப்ரவரி 13, விடிவதற்கு முன், ஆஸ்பத்திரி வேலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார்கள் இரண்டு பெண்கள். அந்தக் காரின் ஒரு பொறி பட்டது. இரண்டு மைல் தூரத்துக்குமேல் தெருக்கள் வெடித்துப் பிளந்தன. அதிகாலை என்பதால் தெருவில் ஆளில்லை, உயிர்ச்சேதம் இல்லை. பகலில் நடந்திருந்தால்? பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நடந்திருந்தால்? தவறு ஆலைக்குள், பிளந்தது ஊர். அந்தப் பெண்கள் ஆலை வாசலைக்கூட மிதித்தவர்கள் அல்ல.

தோழர்களே! தீ மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். தீப்பிடிக்காமலே இது ஆளை முடமாக்கும். மூடிய அறையில் நாள்தோறும் இதன் ஆவியைச் சுவாசித்தால் கால்விரல், கைவிரல் மரத்துப்போகும், பிறகு பிடி தளரும், நடை தள்ளாடும். 1960களில் ஜப்பானில் வீட்டோடு செருப்பு ஒட்டும் தொழிலாளிகள் பலருக்கு இப்படித்தான் ஆனது. பசையில் ஹெக்ஸேன் இருந்தது. 2009ல் சீனாவின் சூச்சோ நகரில், ஆப்பிள் கம்பெனிக்கு செல்போன் கண்ணாடி செய்த ஓர் ஆலையில் அதுவே திரும்ப நடந்தது. கண்ணாடியை முதலில் ஆல்கஹாலால் துடைத்தார்கள். ஹெக்ஸேன் சீக்கிரம் உலரும், உற்பத்தி கூடும் என்று நிர்வாகம் அதை மாற்றியது. 137 தொழிலாளிகள் பாதிக்கப்பட்டதை 2011 அறிக்கையில் ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. சில நொடி மிச்சம் பிடிக்க மனிதனின் நரம்பையே விலையாகக் கொடுத்தார்கள்!

இன்று நம் ஓசூர் வட்டாரத்திலும் செல்போன் உதிரிபாகத் தொழில் வளர்கிறது. ஆயிரக்கணக்கான நம் பெண்பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். எந்த ஆலையையும் நாம் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு பெண்ணும் கேட்க வேண்டும்: "நான் துடைக்கும் இந்தத் திரவத்தின் பெயர் என்ன?" பெயரைச் சொல்ல மறுக்கும் நிர்வாகத்தை நம்பக் கூடாது.

பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு ஹெக்ஸேன், அதுதான் எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் வைத்த வரம்பு. வெடிக்கும் அளவோ அதைப்போல் 200 மடங்குக்கு மேல். ஆகவே "இன்னும் வெடிக்கவில்லையே" என்பது பதில் ஆகாது. மூக்கையும் நம்பாதீர்கள், சற்று நேரத்தில் மூக்குக்கு வாடை பழகிப்போகும். அளக்கும் கருவி வேண்டும்.

இனி, வேலையில் கவனிக்க வேண்டியது. சால்வென்ட் ஆலையில் பெரிய ஆபத்து ஓட்டத்தின்போது மட்டும் இல்லை; நிறுத்தும்போதும், தொடங்கும்போதும், பழுதுபார்க்கும்போதும் காத்திருக்கிறது. கரெண்ட் போய் கண்டென்சருக்குத் தண்ணீர் நின்றால் ஆவி குளிராது, வெளியே வரும். அப்போது ஹெக்ஸேன் பாய்வதையும் சூட்டையும் உடனே நிறுத்த வேண்டும். டாங்கர் லாரியிலிருந்து இறக்கும்போது மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பியை முதலில் மாட்ட வேண்டும். திரவம் குழாயில் ஓடும்போதே மின்பொறி பிறக்கும். பீடி, தீப்பெட்டி, செல்போன், இரும்பு லாடம் அடித்த செருப்பு ஆகியவை வாசலுக்கு வெளியே இருக்கட்டும். இரும்புச் சுத்தியல் வேண்டாம். பொறி பறக்காத பித்தளை, வெண்கலக் கருவி கேளுங்கள். கருவியால் அளந்து, எழுத்தில் அனுமதி தராமல் வெல்டிங் கூடாது. கையில் பட்ட பிசுக்கை ஹெக்ஸேனால் கழுவாதீர்கள்.

டாங்குக்குள் இறங்குவது எல்லாவற்றிலும் கொடியது. குழாய்களை அடைத்துத் துண்டித்து, நீராவியால் ஆவியை விரட்டி, ஆற வைத்து, காற்றோட்டம் கொடுத்து, காற்றை அளந்து, இடுப்பில் கயிறு கட்டி, வெளியே ஆள் நிற்க வைத்த பிறகுதான் இறங்க வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்தால், பாசத்தில் வெறும் மூச்சோடு பின்னால் குதிக்காதீர்கள். ஒரு சாவு இரண்டாகும். சுவாசக் கருவி உள்ளவன்தான் இறங்கலாம்.

கிராமத்துத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆலை டிரம்மை வாங்கித் தண்ணீர் பிடிக்காதீர்கள். உளி வைத்து வெட்டாதீர்கள். திரவம் நிறைந்த டிரம்மைவிட, ஆவி நிறைந்த காலி டிரம் பயங்கரமானது. கால்வாயில் பெட்ரோல் வாடை வந்தால் அருகில் அடுப்பு மூட்டாமல், பீடி பற்றவைக்காமல், ஆடுமாடுகளை விலக்கிக்கொண்டு, தீயணைப்புப் படைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1984ல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகுதான், 1987ல் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் புது விதிகள் எழுதப்பட்டன. அபாயப் பொருளைக் கையாளும் ஆலையில், தொழிலாளியும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி அமைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அரசு ஆணையிட்டால்தான் கமிட்டி என்று அதில் ஆக்கிவிட்டார்கள். பிணங்களின் மேல் எழுதிய உரிமையைப் பேனா முனையால் தளர்த்துகிறார்கள்! ஆனாலும் பாதுகாப்பைப் பற்றிய தகவலைக் கேட்கும் உரிமையும், கண்ணெதிரே ஆபத்து என்று எச்சரிக்கும் உரிமையும் இன்றும் ஏட்டில் இருக்கின்றன. ஏட்டில் இருப்பதை வாசலுக்குக் கொண்டுவருவது சங்கம்தான்.

நாம் கேட்பது பெரிய வரம் அல்ல. ஒவ்வொரு டிரம்மிலும் தமிழிலும், கன்னடத்திலும், இந்தியிலும் பெயரும் அபாயமும் எழுத வேண்டும். வடக்கேயிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே பயிற்சி, ஒரே கருவி வேண்டும். தரையில் ஆவி அளக்கும் கருவியும், அது கூவும் மணியும் வேண்டும். சாக்கடைக்குள் ஒரு சொட்டும் போகாதபடி தடுப்புத் தொட்டி வேண்டும். அளக்காமல் டாங்கில் இறங்க மறுத்தவனை வேலையை விட்டு நீக்கக் கூடாது.

ஒருவன் தனியாக மறுத்தால் கேட்டுக்கு வெளியே நிற்பான். ஷிப்டே சேர்ந்து மறுத்தால் அளக்கும் கருவி உள்ளே வரும். ஆலைக்குள்ளிருந்து தொழிலாளி கேட்கட்டும். கால்வாய்க் கரையிலிருந்து விவசாயத் தொழிலாளி கேட்கட்டும். ஒரே கேள்வியை இரு பக்கமும் கேட்போம்: இதில் இருப்பது என்ன? இது போவது எங்கே?

நாளைக் காலை வேலைக்குப் போனதும், உங்கள் கையிலுள்ள திரவத்தின் பெயரைக் கேளுங்கள், தோழர்களே. அங்கிருந்து தொடங்குவோம்.