வன்தட்டில்லாக் கணினியின் துயிலெழுச்சி

வெள்ளவத்தையில் கடற்காற்று ஓயாது வீசும் பாடசாலை எங்களுடையது. அங்கே 18 கணினிகளில் 11இன் வன்தட்டுகள் பழுதாயின. விற்ற நிறுவனத்தாரோ, வன்தட்டின்றியே அவற்றை வலையமைப்பு வழியாக எழுப்பலாம், ஆனால் எழுப்பும் சேவரும் தங்களிடமே வாங்கப்பட வேண்டும் என்றனர். விலை எங்கள் கைக்கு எட்டாதது. அப்போது இளம் ஆசிரியர் ஒருவர், “சேர், சேவர் எந்தக் கம்பனியுடையது என்று கணினி கேட்பதேயில்லை” என்றார். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அது வியப்பாயிருந்தது.

புதிதாய்ச் சேர்ந்த மாணவன் தன் வகுப்பை அறியான். அவனிடமிருப்பது சேர்விலக்கம் மாத்திரமே. முற்றத்தில் நின்று அதனை உரக்கக் கூறுகிறான். பதிவேடு வைத்திருப்பவர் விடை கூறுகிறார். வன்தட்டில்லாக் கணினியும் தன் வலையமைப்பு அட்டையில் பதிந்த இலக்கத்தைச் சொல்லி எல்லோரையும் நோக்கிக் கூவுகின்றது. “உன் முகவரி இது, நீ பெறவேண்டிய கோப்பு இது, அது இருக்குமிடம் இது” எனச் சேவர் விடையிறுக்கின்றது. கோப்பு நினைவகத்தில் ஏறியதும் கணினி விழித்துக்கொள்கிறது.

இவ்வுரையாடலுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பில் குரொப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜோன் கில்மோருமாவர். ‘பூட்பி’ என்னும் அவ்விலக்கணம் 1985 செப்டெம்பரில் எவரும் எடுத்தாளுமாறு வெளியிடப்பட்டது. அதிலே 64 பைட் இடம் மட்டும் உற்பத்தியாளர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ள விடப்பட்டது. ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒருவர் எழுத்தை மற்றவர் படிப்பதெங்ஙனம்? 1988இல் அவ்விடத்துக்கும் பொதுவான எழுத்துமுறை வகுக்கப்பட்டது. 1993இல் ‘டிஎச்சிபி’ அதன் வழித்தோன்றலாயிற்று. 1999இல் இன்டெல் வெளியிட்ட ‘பிஎக்ஸ்இ’ 2.1 இவற்றின்மீதே கட்டப்பட்டது.

ஆபத்தும் இல்லாமலில்லை. கூவலுக்கு விடை தருபவர் உண்மையான பதிவாளர்தாமா என்று இப்பழைய முறைகள் சோதிப்பதில்லை. கோப்பை அனுப்பும் ‘டிஎப்டிபி’ கடவுச்சொல்லும் கேட்பதில்லை. வழிப்போக்கன் விடை சொன்னாலும் மாணவன் அவன் பின்னே போய்விடுவான். ஆகவே எங்கள் கணினிக் கூடத்தின் வலையமைப்பை அலுவலகத்தினதிலிருந்து முற்றாகப் பிரித்தோம்.

பம்பலப்பிட்டியில், முன்பு ஒருவர் பாவித்த, வேறு நிறுவனத் தயாரிப்பான சேவர் ஒன்றை வாங்கினோம். முதல்நாட் காலையில் 9 கணினிகள் எழுந்தன. எஞ்சிய இரண்டின் பழைய அட்டைகளுக்குக் கூவவே தெரியவில்லை. அதற்கான சிறு நிரலைப் பென்டிரைவில் இட்டுச் செருகினார் ஆசிரியர். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சேர், இதுவும் எழும்பிட்டுது!” என்று என் அறைக்கே ஓடிவந்தாள்.