எடையில் அடங்காத அணிகள்



தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களிலே குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் பேச்சில் பிறமொழிச் சொற்கள் கலக்கலாம், உடை மாறலாம், உணவின் சுவையுங்கூடச் சிறிது மாறலாம். ஆனால், திருமணப் பேச்சு எழுந்துவிட்டால், ‘எத்தனை சவரன்?’ என்ற கேள்வி மட்டும் மாறுவதே இல்லை.

அக்கேள்வியில் குற்றம் ஒன்றுமில்லை. ஊரைவிட்டு வந்த குடும்பத்திற்குப் பொன் ஓர் ஊன்றுகோல். அவசரத்திற்கு அடகு வைக்கலாம். எந்த நகரத்திலும் அதற்கு மதிப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண் தனக்கே உரியது என்று சொல்லிக்கொள்ளக் கூடிய சொத்து பல குடும்பங்களில் அதுவாகவே இருந்து வந்திருக்கிறது. ஆகவே, பொன் சேர்ப்பதை ஏளனம் செய்வது என் நோக்கமன்று.

ஆயினும், எடை ஒன்றையே அளவாகக் கொண்டால் நாம் இழப்பது ஒன்று உண்டு. நகைக்கடையில் தரும் விலைச்சீட்டைச் சற்றே உற்றுப் பாருங்கள். பொன்னின் எடைக்கு ஒரு விலை. சேதாரத்திற்கு ஒரு தொகை. செய்கூலி என்று ஒரு தொகை. அந்த நகையின் வடிவத்தை மனத்திலே கண்டவன் எவனோ, அவனுடைய கற்பனைக்கென்று அச்சீட்டில் இடமில்லை. அதே நகையைப் பின்னொரு நாள் விற்கச் சென்றால், செய்கூலியும் மறைந்துவிடுகிறது. பொன் மட்டுமே எஞ்சுகிறது. பழைய நகை உருக்கப்படுகிறது. புதிய நகை பிறக்கிறது. பாட்டியின் அட்டிகை பேத்தியின் வளையலாகிறது. பொன் அழிவதில்லை, கலைதான் அழிகிறது.

இது நெடுங்காலமாக நடந்து வருவது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் கழுத்திலும் தோளிலும் இடையிலும் எத்தனை வகை அணிகள்! அக்காலத்துப் பொற்கொல்லர்கள் செய்த உண்மையான பொன் நகைகளில் நம் கைக்கு எட்டியிருப்பவை மிகச் சிலவே. செம்பிலும் கல்லிலும் சிற்பி வடித்த நகை பிழைத்தது. பொன்னில் செய்த நகை மூசையில் கரைந்தது. விலை உயர்ந்த உலோகமே அந்தக் கலைக்குப் பகையாய் முடிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த முரண்பாட்டை உணர்ந்து, நகைக்கும் சிற்பத்திற்கும் இடையே இருந்த சுவரைத் தகர்த்த கலைஞர்கள் சென்ற நூற்றாண்டில் மேல்நாடுகளிலே தோன்றினார்கள். அவர்கள் செய்தவை அணிகலன்கள். ஆனால் அவை சிற்பங்களும் ஆகும். அச்சிற்பத்திற்கு மனித உடலே பீடம். 1946-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தின் நவீனக் கலைக் காட்சிச்சாலை, கையால் செய்த நவீன நகைகளுக்கென ஒரு கண்காட்சியே நடத்தியது. ஓவியமும் சிற்பமும் வைக்கும் மண்டபத்தில் பித்தளைக் கம்பியும் தாமிரத் தகடும் நகை என்ற பெயரோடு நுழைந்தன.

இவர்களில் முதலில் குறிப்பிட வேண்டியவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். காற்றிலே மெல்ல அசைந்தாடும் தொங்கு சிற்பங்களால் உலகப் புகழ் எய்தியவர். அவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 1800 நகைகளும் செய்தார் என்பது பலரும் அறியாத செய்தி. சிறுவனாய் இருந்தபோதே தெருவில் கிடைத்த செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி, தமக்கையின் பொம்மைகளுக்கு நகை செய்து பூட்டியவர் அவர்.

கால்டரின் முறை மிக எளியது. பித்தளை அல்லது வெள்ளிக் கம்பியை வளைப்பார், சுத்தியலால் தட்டித் தட்டையாக்குவார், சுருளாகச் சுற்றுவார். பற்றவைப்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார். ஒரு துண்டை மற்றொன்றோடு கொக்கியாகக் கோப்பார், கம்பியால் கட்டுவார், அல்லது ஆணியடித்து இணைப்பார். சுத்தியல் விழுந்த தழும்புகளை மெருகிட்டு மறைக்கவும் இல்லை. செய்த கையின் சுவடு நகையிலே தெரியட்டும் என்று விட்டுவிட்டார். 1940-ஐ ஒட்டி அவர் செய்த ஒரு பெரிய பித்தளைக் கழுத்தணிக்குப் ‘பொறாமைக் கணவன்’ என்று பெயர். தோள்களின் மேல் விரிந்து முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அதை அணிந்தவளின் அருகே எவரும் எளிதில் நெருங்க முடியாது! நகைக்கும் நகைச்சுவைக்கும் உள்ள உறவை அறிந்த சிற்பி அவர்.

1942-இல் நியூயார்க்கிலே பெகி குக்கன்ஹைம் என்னும் கலைப் புரவலர் தம் கலைக்கூடத்தைத் திறந்துவைத்த நாளில், ஒரு காதில் கால்டர் செய்த தோட்டையும் மறு காதில் ஈவ் டாங்கி என்னும் ஓவியர் செய்த தோட்டையும் அணிந்து வந்தார். அக்காலத்தில் போட்டியிட்ட இரு கலைக் கொள்கைகளில் எதன் பக்கமும் சாயாதவர் தாம் என்று அறிவிப்பதே அவர் எண்ணம். செல்வத்தை அறிவிக்க அணிகின்ற காதணி, இங்கே ஒரு கருத்தை அறிவித்தது.

கால்டருக்கும் நம் நாட்டிற்கும் தொடர்பு உண்டு. 1955-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அகமதாபாத்தைச் சேர்ந்த கீரா சாராபாய் அம்மையாரின் அழைப்பின்பேரில் அவர் மனைவியுடன் இந்தியா வந்தார். நாட்டைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக்கு ஈடாகத் தம் கலைப்படைப்புகளைத் தருவதாக ஏற்பாடு. அவ்வாறே அங்குத் தங்கிச் சிற்பங்கள் செய்தார். சில நகைகளும் செய்தார். நம்மவர் பலர் தொழிலுக்காகச் சென்று குடியேறிய அந்த நகரத்தில், இக்கலையின் முன்னோடி ஒருவர் சுத்தியலும் கம்பியுமாக அமர்ந்து வேலை செய்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

கால்டர் கம்பிக்கு உயிர் கொடுத்தார் என்றால், உடலின் அசைவை நகைக்குள் கொண்டுவந்தவர் ஆர்ட் ஸ்மித். 1917-இல் கியூபாவிலே ஜமைக்காப் பெற்றோருக்குப் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த கறுப்பினத்தவர். 1946-இல் அந்நகரின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலே சொந்தக் கடை தொடங்கினார்; 1982-இல் காலமானார். கறுப்பின நடனக் குழுக்களுக்கு அவர் நகை செய்து கொடுத்தார். மேடையில் ஆடுபவர் அணியும் நகை, தொலைவில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்; துள்ளும்போது கழன்று விழவும் கூடாது. எனவே அவருடைய அணிகள் பெரிதாயின, தோளைத் தழுவின, முன்கையைச் சுற்றி ஏறின. பித்தளையும் செம்பும் வெள்ளியும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. தகட்டுக்கும் தோலுக்கும் இடையே விடும் வெற்றிடத்தையும் அவர் வடிவத்தின் ஒரு பகுதியாகவே கருதினார். அவர் செய்த காப்பு மேசைமீது கிடக்கும்போது பாதி நகைதான். கையில் ஏறிய பின்னரே அது முழுமை பெறுகிறது.

பரதநாட்டியம் ஆடும் பெண்ணின் நெற்றிச்சுட்டியையும் வங்கியையும் ஒட்டியாணத்தையும் அறிந்த நமக்கு இந்த உண்மை புதியதன்று. ஆடும்போது இடையை எடுத்துக் காட்டுவது ஒட்டியாணம். கையின் வளைவை எடுத்துக் காட்டுவது வங்கி. நகை உடலோடு சேர்ந்தே கலையாகிறது என்பதை நம் பத்தர்கள் நன்கறிவார்கள். நாம்தான் தராசை மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம்.

நெதர்லாந்து நாட்டின் எம்மி வான் லேர்சம், கெய்ஸ் பாக்கர் என்ற தம்பதியர் இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள். 1967-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் ஸ்டெடலிக் காட்சிச்சாலையில், அலுமினியத்தால் செய்த பெரிய கழுத்துப் பட்டைகளையும் காப்புகளையும் பெண்கள் அணிந்து நடந்துகாட்டினார்கள். விமானத்திற்கும் சமையல் பாத்திரத்திற்கும் பயன்படும் உலோகம் கழுத்தில் ஏறியது. பிறகு 1973-இல் பாக்கர், ‘நிழல் நகை’ என்ற ஒன்றைச் செய்தார். மெல்லிய பொன் கம்பியைக் கையிலே இறுக்கமாகச் சுற்றிவிட்டு, சிறிது நேரம் கழித்து எடுத்துவிடுவார். தோலில் பதிந்த தடம் இருக்கிறதே, அதுதான் நகை! பொன் வந்தது, போயிற்று. உடலில் ஒரு கோடு எஞ்சியது. அதுவும் சற்று நேரத்தில் மறைந்துவிடும். கழற்றிய மோதிரத்தின் தடத்தை விரலில் பார்த்தவர்கள் இதன் பொருளை எளிதில் உணர்வார்கள்.

பொன்னின் மேல் நாம் வைத்த நம்பிக்கையையே கேள்விக்கு உள்ளாக்கியவர் ஒட்டோ கூன்ஸ்லி. 1948-இல் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிறந்து, ஜெர்மனியின் மூனிச் நகரிலே பணியாற்றியவர். 1980-இல் அவர் செய்த ஒரு காப்பு வெறும் கறுப்பு ரப்பர் குழாய் போலத் தோன்றும். ஓரிடத்தில் மட்டும் சிறிது புடைத்திருக்கும். அப்புடைப்பினுள்ளே ஒரு பொன் உருண்டை இருக்கிறது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘பொன் கண்ணைக் குருடாக்கும்’ என்பது. உள்ளே பொன் இருப்பதை எப்படி அறிவது? ரப்பரை அறுத்துப் பார்க்கலாம். ஆனால் அறுத்தால் காப்பு அழிந்துவிடும். கலை வேண்டுமா, பொன் வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று அக்காப்பு கேட்கிறது. நம் வீட்டுப் பழைய நகையை உருக்கக் கொடுக்கும் போதெல்லாம் நாம் எதிர்கொள்ளும் கேள்வியும் அதுவேயன்றோ?

அவருடைய மற்றொரு படைப்பு 1985, 86-ஆம் ஆண்டுகளில் உருவான சங்கிலி. பழைய திருமண மோதிரங்களைச் செய்தித்தாள் விளம்பரத்தின் வாயிலாக விலைக்கு வாங்கி, அவற்றில் 48 மோதிரங்களை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்கினார். பார்வைக்கு அழகிய பொன் சங்கிலி. ஆனால் ஒவ்வொரு வளையமும் யாரோ ஒருவருடைய மணவாழ்வு. ஒரு மரணமோ பிரிவோ வறுமையோ அதை விற்கச் செய்திருக்கலாம். உண்மை அறிந்தபின் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள எளிதில் மனம் வராது. தாலிப் பொன்னை மற்றப் பொன்னோடு சேர்த்து எண்ணத் தயங்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உலோகம் ஒன்றே, ஆனால் அதன்மேல் படிந்த வாழ்க்கையை எந்தத் தராசும் நிறுப்பதில்லை.

இந்தியாவிலும் இவ்வழியில் சிந்திப்பவர்கள் உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த ஈனா அலுவாலியா, 2011-இல் ‘திருமண உறுதிமொழிகள்’ என்ற பொருளில் நகை வரிசை ஒன்றை வெளியிட்டார். சீக்கியரின் கிர்பான் என்னும் குறுவாளின் வடிவம் அதில் இடம்பெற்றது. மணமகளை அலங்கரிக்கும் நகை, இல்லத்தினுள் அவள்மீது நிகழும் வன்முறைக்கு எதிராக நிற்கவும் வேண்டும் என்பது அதன் கருத்து. பெண்ணுக்குப் பொன் பூட்டி அனுப்பினால் அவள் பாதுகாப்பாக இருப்பாள் என்று நம்பும் சமுதாயத்தில், அந்தப் பாதுகாப்பு மெய்தானா என்று ஒரு நகையே கேட்கிறது.

இவற்றுக்கு மறுப்பும் உண்டு. ‘இதையெல்லாம் அணிந்துகொண்டு பேருந்தில் ஏற முடியுமா? சமையல் செய்ய முடியுமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில படைப்புகள் அன்றாடம் அணிவதற்கு ஏற்றவை அல்ல. மேலும், எளியோர்க்கென்று மலிந்த உலோகத்தில் செய்தவையே பின்னர்ச் செல்வர் மட்டும் வாங்கக்கூடிய அரும்பொருள்களாய் மாறிவிட்டன. சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்து 1964-இல் மறைந்த மார்கரெட் டி பாட்டா இந்த இடர்ப்பாட்டை முன்பே உணர்ந்தவர். சாதாரண வருவாய் உடையவர்களும் நல்ல வடிவமைப்பைப் பெற வேண்டும் என்று கருதி, கணவருடன் சேர்ந்து, ஒரே வடிவத்தைப் பல படிகளாகச் செய்து குறைந்த விலைக்கு விற்க முயன்றார். கலையையும் எளிய விலையையும் இணைப்பது எளிதன்று. ஆனால் முயலத் தக்கது.

கால்டரின் பித்தளையை உருக்க எவரும் விரும்பவில்லை. உருக்கினால் கிடைப்பது சில ரூபாய்; உருக்காமல் வைத்தால் ஒரு சிற்பம். ஆகவே அது பிழைத்தது. விலை குறைந்த உலோகத்திற்குக் கலைஞன் ஏற்றிய மதிப்பே அதற்குக் காவல். நம் பொன் நகைகளுக்கு அத்தகைய காவல் இல்லை. அதை நாம்தான் அளிக்க வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வீட்டிலுள்ள பழைய நகையை மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றுமுன் அதன் முன்புறத்தையும் பின்புறத்தையும் கொக்கியையும் படமெடுத்து வையுங்கள். அதன் பெயரையும், எந்த ஊரில் செய்தது, யார் அணிந்தது என்பதையும் மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நீங்கள் வாழும் மாநிலத்தின் கைவினை அணிகளையும் பாருங்கள். கட்ச்சின் வெள்ளியும் பஸ்தரின் வார்ப்புப் பித்தளையும் எடையால் மட்டும் மதிக்கத் தக்கவை அல்ல. புதிய நகை செய்விக்கும்போது, ‘எத்தனை சவரன்?’ என்று கேட்ட பிறகு, ‘செய்தவர் யார்?’ என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் பெருகினால், விலைச்சீட்டில் இல்லாத அந்தக் கற்பனைக்கும் ஒரு நாள் இடம் கிடைக்கும்.