கையெழுத்து ஒருத்தர், உழைப்பு வீடு முழுக்க

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தலைப்பைச் சொன்னதுமே ரெண்டு மூணு தோழர்கள் முகம் சுளித்தார்கள். "டி.வி.யில் வர்ற வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை நமக்கு எதுக்கு? பேச வேறு விஷயமே இல்லையா?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: குடும்பம் என்று ஒன்றைப் பாசத்தின் பேரால் மூடி வைத்திருக்கிறார்களே, அதற்குள்ளே கூலி இல்லாமல் யார் உழைக்கிறார்கள், யார் கையில் பணம் சேருகிறது என்பது சாதாரண காலத்தில் வெளியே தெரியாது. கேமராவை உள்ளே கொண்டுபோய் வைத்து, அந்த வீட்டையே சரக்காக்கி விற்கும்போது கணக்கு வெளியே வந்துவிடுகிறது. அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் இந்தப் பேச்சு.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1971இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் சாண்டா பார்பராவில் வசதியான ஒரு வீட்டுக்குள் படக்குழு போனது. லவுட் குடும்பம். அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். ஏழு மாதம் போல எடுத்த படத்தைப் பன்னிரண்டு பகுதியாக வெட்டி 1973இல் பொதுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 'ஓர் அமெரிக்கக் குடும்பம்' என்று பெயர். மனைவி பாட் தன் கணவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்வதையும், விவாகரத்துக் கேட்பதையும் நாடே பார்த்தது. குடும்பத்தார் அப்போதே சொன்னார்கள்: 'எங்கள் சிரிப்பையெல்லாம் வெட்டிவிட்டுச் சண்டையை மட்டும் ஒட்டிவிட்டார்கள்.' இன்று வரைக்கும் இந்த வியாபாரத்தின் முதல் பாடம் அதுதான். வீட்டில் நடப்பது உங்களுடையது. வெட்டி ஒட்டும் கத்தரிக்கோல் அவனுடையது.

லவுட் வீட்டில் பணம் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. பிறகுதான் முதலாளிகளுக்குக் கணக்குப் புரிந்தது. 1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 பிப்ரவரி வரை மறுபடி செய்தார்கள். கதை எழுத ஆள் இல்லை, நடிகர் சங்கத்துக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. என்ன செய்தான் முதலாளி? எழுத்தாளன் வேண்டாம், நடிகன் வேண்டாம், ஒரு வீடு போதும் என்றான். வீட்டில் இருப்பவர்கள் 'வாழ்கிறார்கள்', நடிக்கவில்லை. ஆகவே அது உழைப்பு இல்லை. உழைப்பு இல்லை என்றால் சங்கம் இல்லை, நேரக்கணக்கு இல்லை, கூலி விகிதம் இல்லை. ஒரு சொல்லை மாற்றியதில் எவ்வளவு மிச்சம் பாருங்கள்!

அடுத்து பென்சில்வேனியா மாநிலத்துக் கோசலின் குடும்பம். 2000இல் இரட்டைக் குழந்தைகள், 2004இல் ஒரே பிரசவத்தில் ஆறு குழந்தைகள். 2007இல் தொடராக வந்தது, 'ஜானும் கேட்டும், கூட எட்டும்' என்பது போல ஒரு பெயரில். 2009 ஜூனில் புருஷனும் பொண்டாட்டியும் பிரியப் போகிறோம் என்று அறிவித்த பகுதியை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அந்தச் சேனல் அதுவரைக்கும் காணாத கூட்டம். குடும்பம் உடைந்த நாள்தான் சேனலுக்கு அறுவடை நாள். பிறகு வங்கிக் கணக்கில் யார் எடுத்தது, எவ்வளவு எடுத்தது என்று இருவரும் கோர்ட்டில் நின்றார்கள்.

அந்தச் சண்டையில் ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அந்த எட்டுப் பிள்ளைகளுக்கு என்ன கூலி? பல் துலக்குவதையும், அழுவதையும், பிறந்தநாளையும் விற்றது அவர்கள் உழைப்பில்தானே? மாநிலத் தொழிலாளர் துறை விசாரித்தது. குழந்தைத் தொழிலாளர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று 2010இல் சொன்னது. வழக்குப் போடவில்லை. வருமானத்தில் 15 சதவீதம் பிள்ளைகள் பேரில் ஒதுக்க ஏற்பாடானது. 2012இல் அந்த மாநிலம் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தியது.

இந்த 15 சதவீதத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. ஜாக்கி கூகன் என்ற பையன் 1921இல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்தவன். லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். வளர்ந்து பார்த்தால் பெட்டி காலி. 1938இல் பெற்ற தாய் மேலும் மாற்றாந்தகப்பன் மேலும் வழக்குப் போட்டான். கிடைத்தது 1,26,000 டாலர். அதன் பிறகுதான் 1939இல் கலிபோர்னியாவில் கூகன் சட்டம் வந்தது. ஆனால் 1938இல் வந்த அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம், குழந்தை உழைப்பைத் தடுத்தபோதே, நடிக்கும் குழந்தைக்கு மட்டும் விலக்கு வைத்தது. ஓட்டையும் சட்டத்துக்குள்ளேயே இருந்தது.

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வீடு ஒன்று. ஆர்கன்சா மாநிலத்து டக்கர் குடும்பம். பத்தொன்பது பிள்ளைகள். தகப்பன் ஜிம் பாப், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். 2008 முதல் தொடராக ஓடியது. இவர்கள் பின்பற்றிய கிறிஸ்தவப் போதனையில் ஒரு படம் உண்டு: குடைக்குக் கீழே குடை. மேலே கிறிஸ்துவின் குடை, அதற்குக் கீழே தகப்பன் குடை, அதற்குக் கீழே தாய், பிள்ளைகள். குடையை விட்டு வெளியே வந்தால் சாத்தான் பிடித்துக் கொள்வானாம். மேலே இருப்பவனுக்குக் கீழ்ப்படிவதே அறம் என்று சொல்லும் ஏணி. இது எங்கேயோ கேட்ட சங்கதியாக உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை.

அந்த வீட்டு மகள்களில் ஒருவர் ஜில். 2023இல் புத்தகம் எழுதினார், ஓர் ஆவணப்படத்திலும் பேசினார். அவர் சொல்வது: 2014 ஜூனில் கல்யாணம். முந்தின நாள், கல்யாண அவசரத்தில், தகப்பன் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். கையெழுத்துப் போடும் பக்கம் மட்டும்தான் கண்ணில் பட்டது. போட்டுவிட்டார். அப்பாதானே. பிறகு கணவனோடு எல் சால்வடாரில் மதப்பணி செய்துகொண்டிருந்தபோது, படப்பிடிப்புக்குத் திரும்பி வா என்று அழைப்பு. முடியாது என்றபோதுதான் தெரிந்தது, அந்தத் தாள் பல வருஷத்துக்குத் தன்னைச் சேனலுக்குக் கட்டிவைத்த ஒப்பந்தம் என்று.

அவருக்கு முதல் குழந்தை பிறந்ததும் நிகழ்ச்சியானது. பிரசவச் செலவையாவது கொடுங்கள் என்று புருஷனும் பொண்டாட்டியும் சேனலைக் கேட்டார்கள். 'குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று' என்று பதில் வந்தது. தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வலியெடுத்தது ஒருத்திக்கு. காசு 'குடும்பத்துக்கு'. குடும்பம் என்றால் யார்? தகப்பனின் கம்பெனி. வயதுக்கு வந்தபின் ஏழெட்டு வருஷம் உழைத்தும் ஒரு செக் கையில் வாங்கியதில்லை என்கிறார் ஜில். வக்கீல் வைத்து, நெடுநாள் இழுபறிக்குப் பிறகு ஒரு தொகை வந்தது. கூலி கேட்டதற்கு விலை? தகப்பன் அனுமதி இல்லாமல் பிறந்த வீட்டுக்குப் போக முடியாத நிலை வந்தது.

2015இல் மூத்த மகனின் குற்றம் வெளியே வந்து நிகழ்ச்சி நின்றது. உடனே சேனல் என்ன செய்தது தெரியுமா? மகள்களை முன்னால் நிறுத்தி இன்னொரு தொடர் ஆரம்பித்தது. 2021இல் அதையும் கைவிட்டது. ஆண் குற்றம் செய்வான். குடும்ப மானத்தைப் பெண்கள் சிரித்த முகத்தோடு தூக்கி நிறுத்த வேண்டும். நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கொண்டிருந்தோம்.

சரி, நமக்கு வருவோம். ஒருவன் பேரில் ஒப்பந்தம், வீடு முழுக்க வேலை. இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் டாக்டர் அம்பேத்கர் மகர் வதன் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். வதன் என்பது ஊர் வேலைக்காக மகர்களுக்கு விட்ட துண்டு நிலமும் தானியப் பங்கும். அதற்கு ஈடாக இருபத்துநாலு மணி நேரமும் சர்க்காருக்கும் ஊருக்கும் ஓட வேண்டும். பேர் பதிந்தவன் இல்லையா? அவன் அப்பனைக் கூப்பிடு, வீட்டில் வேறு யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடு. அம்பேத்கர் இதை அடிமைத்தனம் என்றுதான் பார்த்தார். சம்பளம் கொடு, வேலையை வரையறு, ஆளுக்கு ஆள் கணக்குப் போடு என்பதுதான் அவர் கேட்டது. 'குடும்பம்' என்ற மூட்டையை அவிழ்த்துத் தனி மனிதரை வெளியே எடுத்தார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் மகளுக்குச் சொத்துப் பங்கு கேட்டதும் அதே வேலைதான். அந்த மசோதா முடக்கப்பட்டது 1951இல் அவர் மந்திரி பதவியை விட்டு வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் ஞாபகம் இருக்கட்டும். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பேர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். ஆனால் 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்களே, அதில் என்ன இருக்கிறது? 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு ரெண்டு விலக்கு. ஒன்று, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். குடும்பம் என்பதில் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி எல்லாரும் அடக்கம். ரெண்டு, சினிமா, டி.வி., விளம்பரத்தில் கலைஞராக வேலை செய்யலாம். ரெண்டு விலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைக் கவனியுங்கள். சேரிப்பிள்ளை வேலை செய்தால் அது 'உதவி'. டி.வி.ப்பிள்ளை வேலை செய்தால் அது 'கலை'. டி.வி.ப்பிள்ளைக்காவது 2017 விதியில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான் வேலை, வருமானத்தில் 20 சதவீதம் குழந்தை பேரில் வங்கியில் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குடும்பத் தொழிலில் 'உதவுகிற' பிள்ளைக்கு ஒரு பைசாக் கணக்குக்கூட இல்லை.

நம்ம ஊர் நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். 'சொல்வதெல்லாம் உண்மை' 2011 முதல் ஜீ தமிழில் பல வருஷம் ஓடியது. அமெரிக்க வீட்டுக்காவது தகப்பன் பாக்கெட்டில் காசு விழுந்தது. இங்கே வந்தவர்கள் யார்? பெரும்பாலும் கூலிக்காரர்கள், வீட்டுவேலை செய்கிற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். சண்டையும் பெரும்பாலும் காசுச் சண்டை: கடன், நகை, துண்டு நிலம், குடித்துத் தீர்த்த கூலி. எதிரே பட்டுப்புடவையில் நடுவர். அவர் திட்டுவார், இவர்கள் தலைகுனிவார்கள். நடுவர் பேசிய ஒரு வசனத்தைப் பிடித்து ஊரே கேலி பேசிச் சிரித்தது. பெரிய வீட்டுப் பாகப்பிரிவினை என்றைக்காவது அந்த மேடைக்கு வந்திருக்கிறதா? அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், மூடிய கதவு இருக்கிறது. மூடிய கதவு என்பதும் ஒரு சொத்துதான். 2018இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை போட்டது.

ஆனால் ஒன்று. அங்கே போன பெண்ணைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. 'ஏம்மா டி.வி.க்குப் போனே?' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கமாட்டேன் என்றான். ஊர்ப் பஞ்சாயத்தில் ஆம்பளைகள்தான் உட்கார்ந்திருந்தான். கோர்ட்டுக்குப் போகக் காசில்லை. டி.வி.க்காரன் வண்டி அனுப்பினான், உட்கார வைத்துக் கேட்டான். அவ்வளவுதான். நாம் காது கொடுக்காத இடத்தில் அவன் மைக்கைக் கொடுத்தான். இதை ஒத்துக்கொள்ளாமல் ஊடகத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நேர்மை இல்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? குடும்ப நீதிமன்றத்தில் வழக்கைக் கதவை மூடி நடத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை 1984ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் அது உண்டு. டி.வி. முதலில் பிடுங்குவது இந்த உரிமையைத்தான். ஊருக்கு ரெண்டு மாணவர், ரெண்டு பெண்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் அந்த வண்டியில் ஏறமாட்டார்கள்.

இப்போது டி.வி.கூட வேண்டாம். ஒரு செல்போன் இருந்தால் வீடே சேனல். வீட்டுப் பிள்ளையை வைத்துப் படம்பிடித்துச் சம்பாதிக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலம் 2024 ஜூலை முதல் அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. இங்கும் நாம் கேட்க வேண்டும். கேமரா முன்னால் நிற்கும் ஒவ்வொருத்தருக்கும் அவரவர் பேரில் தனி ஒப்பந்தம், அவரவர் மொழியில். கையெழுத்துப் போடுமுன் யோசிக்க அவகாசம். பணம் அவரவர் கணக்கில். வேண்டாம் என்றால் படத்தை எடுத்துவிடச் சொல்லும் உரிமை. பிள்ளைக்கு, வளர்ந்த பின்னும் அந்த உரிமை.

கடைசியாக, சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று நம் கையில் இருக்கிறது. நம் வீட்டில் யார் உழைப்பு யார் பேரில் போகிறது என்று எழுதிப் பார்க்கலாம். அம்மாவின் நூறுநாள் வேலைக் கூலி யார் கையில்? தங்கச்சியின் பனியன் கம்பெனிச் சம்பளம் யார் கல்யாணத்துக்கு? ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில்? 'குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று' என்ற வாக்கியம் நம் வீட்டில் எத்தனை முறை சொல்லப்படுகிறது? அந்தப் பட்டியலோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அதை வைத்துப் பேசுவோம்.