இரண்டு வாரம் என்று நிறுத்திய மோட்டார் சைக்கிள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் 16ஆம் தேதி இரவு, அப்போதைய பிரதமர் டான்ஸ்ரீ முஹிடின் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி தொடங்கி 31ஆம் தேதி வரை, அதாவது இரண்டே வாரம். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஜொகூர் பிள்ளைகளுக்கு முடிவெடுக்க ஒரே நாள்தான் இருந்தது. வேலையைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கானோர் துணிப்பையோடு பாலத்தைக் கடந்தார்கள். அதன் பிறகு 2020 ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு வந்தது. தொடர்ந்து 90 நாள் வேலை செய்தபின் விடுப்பில் வந்து போகலாம், ஆனால் தனிமைப்படுத்தல் உண்டு. 2021 நவம்பர் 29இல் பேருந்து விட்டார்கள். மோட்டார் சைக்கிளில் பாலம் ஏற முடிந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி பிறந்த நள்ளிரவில்தான்.

இரண்டு வாரம் இரண்டு வருடமாகிவிட்டது. அத்தனை நாளும் வண்டி தாமான் வீட்டு வாசலிலும், கித்தான் போர்வைக்குள்ளும், மாத வாடகை நிறுத்துமிடத்திலும் நின்றது. இன்றும் பலர் இப்படி வண்டியை விட்டுப் போகிறார்கள். கப்பல் வேலைக்குப் போகிறவர், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை, பேறுகாலம் பார்க்க மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் என்று பலர். நம் பிள்ளைகளுக்கு அந்த வண்டிதான் வேலைக்குப் போகும் கால். அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "அம்மா, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அம்மாவும் தவறாமல் செய்கிறார். பேட்டரி மட்டும் செத்துப்போகிறது! ஸ்டார்ட்டர் மோட்டார் சில விநாடிகளில் இழுக்கும் மின்சாரத்தை, மெதுவாக ஓடும் எஞ்சின் ஐந்து நிமிடத்தில் திருப்பித் தராது. தருகிற கொஞ்சத்திலும் முன்விளக்கு பங்கு கேட்கும். 1992 முதல் நம் நாட்டில் பகலிலும் மோட்டார் சைக்கிள் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டமாயிற்றே. இது போதாதென்று, சூடேறாத எஞ்சினில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கித் துருவாக மாறுகிறது. ஓட்டுவதென்றால் இருபது, முப்பது நிமிடம் சாலையில் ஓட்ட வேண்டும். அதற்கு உரிமம் உள்ள ஆள் வேண்டும், சாலை வரியும் காப்புறுதியும் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடாமல் விடுவதே வண்டிக்கு நல்லது.

பேட்டரி ஏன் சாகிறது? ஈய அமில பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் தானே மின்சாரத்தை இழக்கும். 25 பாகை செல்சியஸில் மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு போகும். வெப்பம் பத்து பாகை கூடினால் இந்த இழப்பு சுமார் இரண்டு மடங்காகும். ஜொகூர் பாருவில் தகரக் கொட்டகைக்குள் நண்பகலில் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதோடு திருட்டு எச்சரிக்கை மணியும் கடிகாரமும் சேர்ந்து சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். மின்சாரம் குறைந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து, நாளாக நாளாகக் கெட்டியான படிகமாகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரையாது.

ஆகவே பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது முதலில் எதிர்முனை, பிறகு நேர்முனை. மாட்டும்போது முதலில் நேர்முனை. முறை மாறினால், நேர்முனையில் இருக்கும் சாவி வண்டிச் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டி பேட்டரி காலத்தில் அது சரிதான். இன்றைய பிளாஸ்டிக் உறைக்குத் தரை ஒரு பொருட்டல்ல, வெப்பம்தான் எதிரி. வீட்டுக்குள் நிழலான இடம், குழந்தை கைக்கு எட்டாத உயரம், அது போதும்.

மாதம் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நிறைவு. 12.4க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். அளவு என்னவென்றால், பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. கப்சாயில் இருக்கும் 5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் சார்ஜரை அப்படியே மாட்டினால் சின்ன பேட்டரி வெந்துவிடும். நிறைந்ததும் தானாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் மோட்டார் சைக்கிள் சார்ஜர் வாங்கிக் கொடுத்தால் வீட்டாருக்கு வேலை மிச்சம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வேண்டாம். லித்தியம் பேட்டரி என்றால் அதற்குரிய சார்ஜர்தான்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று, ஆறு மாதம் என்றால் இவ்வளவு மெனக்கெடலாம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பேட்டரியைத் தம்பி வண்டிக்குக் கொடுத்து ஓட்டச் சொல்லிவிட்டு, திரும்பி வந்ததும் புதிது வாங்குங்கள். பேட்டரிக்குப் போகிற பணத்தைவிட, கவனிக்காமல் விட்ட எரிபொருள் பகுதிக்குப் பட்டறையில் போகிற பணம்தான் பெரும்பாலும் அதிகம்.

பெட்ரோல் பழசானால் பிசினாக மாறுகிறது. கார்புரேட்டரில் எஞ்சின் மெதுவாக ஓடப் பெட்ரோல் வருகிற துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பிசின் அதைத்தான் முதலில் அடைக்கும். போகுமுன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடுங்கள். இரும்புத் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமில்லை, துரு பிடிக்காது. ஆனால் வருடக் கணக்கு என்றால் தொட்டியையும் காலி செய்து, உள்ளே கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டுச் சுழற்றி வைப்பதே மேல். இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் "கிக் இருக்கிறதே" என்று நம்பி இருக்கக்கூடாது. பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால், பேட்டரி அடியோடு செத்தால் பல வண்டிகளில் கிக்கும் உதவாது.

எஞ்சின் எண்ணெயைப் போகும்போதே மாற்றுங்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பழைய எண்ணெயில் இருக்கும் அமிலம் நிற்கிற எஞ்சினைத்தான் அரிக்கும். வண்டி நடுத்தாங்கியில் நிற்கட்டும். மூடுவதற்குத் துணிப்போர்வை போதும். பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினால் நம் ஊர் ஈரப்பதம் உள்ளேயே நின்று வேர்க்கும். புகைக்குழாய் வாயை அடைத்து, "அடைத்திருக்கிறது" என்று எழுதிய சீட்டைக் கைப்பிடியில் கட்டுங்கள்.

திரும்பி வந்த அன்றே பாலம் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாவி போடாமல் நாலைந்து தடவை மெதுவாகக் கிக்கை அமுக்கி, எஞ்சின் சுற்றுகிறதா என்று பாருங்கள். காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள், எலிக்குப் பிடித்த வீடு அது. வயரைக் கடித்திருந்தால் பேட்டரி மாட்டுமுன் தெரிய வேண்டும். டயரில் வெடிப்பு, பிரேக் டிரம்மில் துரு, இவை இரண்டையும் பார்த்து, தாமானுக்குள்ளேயே பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு நெடுஞ்சாலைக்குப் போங்கள்.