பிழை திருத்துற பாடமும் ரகசியம் காக்குற பாடமும்

இன்னைக்கு எபிசோடு, எலெக்டிவ் எடுக்கப் போற மாணவர்களுக்கு. நம்ம இன்ஜினியரிங் சிலபஸ்ல பெரும்பாலும் கிரிப்டோகிராஃபி கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் இருக்கும், எரர் கரெக்டிங் கோட்ஸ் இ.சி.இ. பக்கம் இருக்கும். ஒண்ணைப் படிக்கிறவங்க இன்னொண்ணைத் தொடுறதே குறைவு. இதுல நமக்குத்தான் நஷ்டம். ஏன்னு சொல்றேன்.

முதல்ல கோட்ஸ். பெல் லேப்ஸ்ல இருந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல வெளியிட்ட முறைப்படி, 4 பிட் தகவலோட 3 பிட் சேர்த்து 7 பிட்டா அனுப்பலாம். வழியில ஒரு பிட் மாறிப் போனாலும், எதுன்னு கண்டுபிடிச்சுத் திருத்திடலாம். செய்தி எப்படியாவது போய்ச் சேரணும், அதுதான் நோக்கம். கிரிப்டோகிராஃபிக்கு வேற கவலை: உரியவரைத் தவிர யாருக்கும் புரியக் கூடாது.

1978-ல ராபர்ட் மெக்எலீஸ் ரெண்டையும் முடிச்சுப் போட்டார். செய்தியை கோடா மாத்தி, அதுல வேணும்னே பிழைகளைக் கலந்து அனுப்பணும். அந்தக் கோடோட உள்ளமைப்பு தெரிஞ்சவர் சட்டுனு திருத்திப் படிச்சிடுவார். மத்தவங்க கையில இருக்கிறது கலைச்சுப் போட்ட ஒரு மேட்ரிக்ஸ்தான். அதை வெச்சுப் பிழைகளைக் களையறது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் ஏன் இது பரவலா புழக்கத்துக்கு வரல? சாவியோட சைஸ்தான் காரணம். 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி சுமார் 256 பைட். இன்னைக்கு இருக்கிற கிளாசிக் மெக்எலீஸ்ல மிகச் சின்ன பப்ளிக் கீயே 2,61,120 பைட். ஆயிரம் மடங்கு!

ஆனா 1994-ல பீட்டர் ஷோர் ஒரு அல்காரிதம் கொடுத்தார். பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா ஆர்எஸ்ஏ உடையும்னு அதுல தெரிஞ்சுது. மெக்எலீஸ் முறையை அந்த அல்காரிதம் உடைக்காது. 2025 மார்ச்ல அமெரிக்காவோட நிஸ்ட் அமைப்பு, எச்க்யூசி-ங்கிற முறையைத் தரப்படுத்தத் தேர்ந்தெடுத்தது. அதுவும் எரர் கரெக்டிங் கோட்ஸ் மேல கட்டினதுதான்.

இன்னொரு விஷயம், ரெண்டு பாடத்துக்கும் அடிப்படைக் கணக்கு ஒண்ணுதான். கடையில நாம ஸ்கேன் பண்ற க்யூஆர் கோடு கொஞ்சம் அழுக்கானாலும் வேலை செய்யுதுல்ல? அதுக்குப் பின்னாடி இருக்கிற ரீட்-சாலமன் கோடும், ஏஇஎஸ் என்கிரிப்ஷனும் 256 உறுப்பு உள்ள ஃபினைட் ஃபீல்டுலதான் ஓடுது. ஒரு தடவை அதை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் கதவு திறக்கும்.

அதனால, ரெண்டையும் எடுக்க முடிஞ்சா எடுங்க. உங்க காலேஜ்ல ஒண்ணுதான் கிடைக்குதுன்னா, இன்னொண்ணுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க. ஹாமிங் கோடை பைத்தான்ல நீங்களே எழுதி, ஒரு பிட்டை மாத்தி விட்டுப் பாருங்க. ரெண்டு பிட்டை மாத்தினா என்ன ஆகுதுன்னும் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.