தூத்துக்குடிக்கு எப்போது வர வேண்டும்?

வேலை நிமித்தமாகக் கோவையிலிருந்து வந்து தூத்துக்குடியில் குடியேறியவன் நான். "அங்கே வெயிலையும் புகையையும் விட்டால் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் எல்லாம் இந்த ஊரை நடுப்பகலில் பார்த்தவர்கள். தூத்துக்குடியை விடியற்காலையில் பார்க்க வேண்டும்; இல்லையென்றால் இரவில்.

விடியும் வேளையில் திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போங்கள். எங்கு பார்த்தாலும் உப்பளம். இறைத்துவிட்ட உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டச் சுண்டச் செம்மை ஏறி, கடைசிப் பாத்தியில் உப்பாக உறைகிறது. நீண்ட கழியில் பூட்டிய பலகையால் அதை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். வெயில் ஏறினால் உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் கண் கூசும். உவர்நீரில் நின்று நின்று கால் வெடித்துவிடும். வெயிலுக்குத் தப்பத்தான் ஆணும் பெண்ணும் இருட்டோடு இருட்டாக வேலைக்கு இறங்குகிறார்கள். அவர்கள் படும் பாட்டைத்தான் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலாக எழுதினார். படம் எடுக்கப் போகிறவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

உப்பைப் போலவே ஈரம் ஆகாத இன்னொரு சரக்கும் இங்கே உண்டு: மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, அவ்வளவுதான். வெள்ளைக்கருவை நுரை கட்டி நிற்கும்வரை அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் கலந்து, காகிதக் கூம்பில் பிழிந்து, இளஞ்சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். "டப்பாவத் திறந்து வச்சிராதிய அண்ணாச்சி, நமுத்துப் போயிரும்" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுப்பார். வந்து இறங்கிய அன்றே நீங்களும் இங்கே அண்ணாச்சிதான்!

பனியே விழாத இந்த ஊரின் தாய், பனிமய மாதா. கடற்கரைச் சாலையில் இருக்கும் அவருடைய ஆலயம் 1982-இல் பேராலயமானது. ஜூலை 26 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை திருவிழா. எல்லா மதத்தாரும் வருவார்கள். அருகே பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளைப் பார்க்கலாம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார் வ.உ.சி.

பல ஊர்களில் விடியலில் கூடும் மீன் ஏலம் இங்கே இரவில் கூடுகிறது. காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போகும் விசைப்படகுகள் இரவு ஒன்பது மணியளவில் மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்புகின்றன. கூடைகள் இறங்க இறங்க ஏலக்குரல் ஏறும். அங்கே நிற்கும்போது வழியை மறிக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். ஐஸ் பெட்டி தூக்கி வருபவர் உங்களுக்காக நிற்கமாட்டார். பார்த்து முடித்துப் பசியோடு வந்தால், சாலையோரக் கடைகளில் கல்லில் பரோட்டா வெந்துகொண்டிருக்கும். பிய்த்துப் போட்டு, சால்னாவை நிறைய ஊற்றச் சொல்லிச் சாப்பிடுங்கள்.

வருகிறவர்களுக்குச் சில யோசனைகள். உப்பளம் பார்க்க மழைக்காலத்தைத் தவிருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஏலம் இருக்காது. மக்ரூனை ஊருக்குக் கிளம்பும்போது கடைசியாக வாங்குங்கள். பகலில் வந்து பார்த்துவிட்டு அன்றிரவே ரயில் ஏறினால் ஏலத்தையும் பார்க்க முடியாது, உப்பளத்து விடியலையும் பார்க்க முடியாது. ஓர் இரவாவது தங்கிப் போங்கள்.